கம்பெனி செட்டுக்குப் பின்னால்

2018 ஆகஸ்ட் 16 அன்று பெரியாற்று வெள்ளம் கேரளத்தில் ஆலுவாவின் தெருக்களுக்குள் ஏறியது. அதில் ஒரு தெருவில், ஒரு வீட்டின் ஷெட்டில் நின்ற வெள்ளைக் கார் தண்ணீர் வடியும் வரை அப்படியே கிடந்தது. மறு ஆண்டு மே மாதம் அந்தக் கார் இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ சபையின் முற்றத்தில், முகப்பில் ரோஸ் நிற ரிப்பன் கட்டி நின்றது.

காரைத் தன் மகள் சஜிதாவுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தவர் ஏசுவடியான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சபைக் கமிட்டியில் உறுப்பினர். பஞ்சாயத்துப் பைப்பில் தண்ணீர் வராவிட்டால் மனு எழுத அவரைத்தான் தேடி வருவார்கள். வாங்கிய கடனை நாள் தவறாமல் அடைப்பவர், வார்த்தை மாறாதவர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை அவர் தினமும் இஸ்திரி போட்ட சட்டையைப் போல உடுத்திக்கொண்டு நடந்தார்.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்கு எதுவும் வேண்டாம், உங்கள் பிள்ளைக்கு நீங்கள் விரும்பியதைச் செய்யுங்கள் என்றார்கள். இந்தப் பக்கத்தில் அதைவிடக் கனமான பேச்சு கிடையாது. கேட்கிறவர்களிடம் குறைத்துப் பேசலாம், தவணை சொல்லலாம். ஒன்றும் வேண்டாம் என்றவர்களிடம் என்ன பேச? எவ்வளவு செய்தால் சரியாக இருக்கும் என்ற கணக்கு முழுக்கப் பெண் வீட்டார் தலையில் வந்து விழும். மாப்பிள்ளை பெனிஷின் வீட்டார் அதை மனதாரத்தான் சொன்னார்கள் என்பது ஏசுவடியானுக்குப் பிறகு தெரிந்தது. அன்று தெரியவில்லை. யாரும் கேட்காமலே, "கல்யாணத்தன்னைக்கு முற்றத்துல ஒரு காரு நிக்கும்" என்றார். பக்கத்தில் அவருடைய சகலை உட்கார்ந்திருந்தார். முந்தைய வருடம் தன் மகளுக்குப் புதுக் கார் கொடுத்தவர். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்காகத்தான் வாயை விட்டோம் என்று ஏசுவடியான் வீட்டுக்கு வந்த பிறகு உணர்ந்தார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

புதுக் கார் அவர் கைக்கு எட்டவில்லை. மார்த்தாண்டத்தில் பழைய கார் வாங்கி விற்கிற ராஜகுமாரிடம் போனார். ராஜகுமார் எதையும் மறைக்கவில்லை. ஆலுவா வண்டி, சீட்டுக்கு மேலே தண்ணீர் ஏறியது, எஞ்சினைப் பிரித்துச் சரி செய்தாயிற்று, சீட்டும் கார்ப்பெட்டும் மாற்றியாயிற்று, டேஷ்போர்டுக்கு உள்ளே மட்டும் கை வைக்கவில்லை, விலை இறங்கியதற்குக் காரணம் இதுதான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டார்ச்சை அடித்து, கீழே குனிந்து பார்க்கச் சொன்னார். ஏசுவடியான் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி ராகேலிடம், ராஜகுமார் கடைக்கு வந்தது, திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடியது என்றார். பழைய காருக்கு இந்த ஊரில் டாக்டரை விட்டால் நல்ல தரவாடு, நல்ல பரம்பரை இல்லை. ராகேல் அதை நம்பி அக்கம்பக்கம் முழுவதும் சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சபை முற்றத்தில் போதகர் பானெட்டின் மேல் கை வைத்து வண்டிக்காக ஜெபித்தார். ஒரு தகப்பனின் தாராள மனதுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஏசுவடியானும் சொன்னார், ஆனால் சற்றுத் தாமதமாக.

ஜூனில் மழை பிடித்தது. மழை நாட்களில் காரின் ஸ்டீரியோ இரைய ஆரம்பித்தது. முதலில் இடது கதவு ஸ்பீக்கர் நின்றது. பிறகு பாட்டுக்கு நடுவே அப்பளம் பொரிவது போல ஒரு சத்தம். பெனிஷ் திங்கள்நகரில் மருந்துக் கடை வைத்திருந்தான். எதையும் சந்தேகப்படத் தெரியாத பையன். மாமனார் கொடுத்த கார் என்று ஞாயிறுதோறும் தானே கழுவித் துடைப்பான். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்ததற்கு ஏசுவடியானிடம் வந்து வருத்தம் சொன்னவன். வண்டியோடு வந்த கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய திரை வைத்த ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டப்போவதாக அவன் ஒரு நாள் ஏசுவடியானிடம் சொன்னான்.

ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டார். கம்பெனி செட்டுக்கு இணை வராது, வெளியில் மாட்டுகிறவன் வயரை வெட்டிவிடுவான், போன மாதம் யாரோ ஒருவனுடைய கார் அப்படித்தான் தீப்பிடித்தது என்றார். பெனிஷ் சிரித்தான். இப்போது வயரை வெட்டுகிற வேலையே இல்லை, வயர் முனையில் இருக்கிற பழைய கப்ளரைப் பிடுங்கிப் புதிய கப்ளரைச் சொருகினால் முடிந்தது என்றான். மழைக் காலம் கழியட்டும் என்று சொல்லிப் பார்த்தார். செட் இரைவதே மழையில்தானே என்றான். மாமனார் இப்படிக் குறுக்கே நிற்பதைப் பெனிஷ் வேறு விதமாக எடுத்துக்கொண்டான். தான் கொடுத்த பொருளில் குறை சொல்கிறார்களே என்று அவருக்கு மனக்கஷ்டம் என நினைத்தான்.

"மாமா, நீங்களும் கூட வரணும். உங்களுக்குப் பிடிச்சத மாட்டுவோம். பழைய செட்ட நான் பத்திரமா எடுத்து வச்சுக்கிடுதேன், செரியா?"

சனிக்கிழமை ஏசுவடியான் அவனோடு புறப்பட்டார். பக்கத்தில் நின்றால் எப்படியாவது தடுத்துவிடலாம் என்று ஒரு எண்ணம். எப்படி என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை.

கடை அழகியமண்டபத்தில் மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. நடத்துகிறவன் டிஜோ என்ற இளைஞன். வாய் ஓயாது. புதிய ஸ்டீரியோவை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து ஏசுவடியானிடமே நீட்டினான்.

"ஐயா, இதுல பாட்டு கேக்கலாம், வழி பாக்கலாம், பின்னால எவன் வந்து இடிக்கப் போறான்னும் பாக்கலாம். பெஞ்சாதி கூப்பிட்டா மட்டும் ஊருக்கே கேக்கும். அது ஒண்ணுதான் கொழப்பம்."

பெனிஷ் சிரித்தான். பக்கத்தில் ஹாரன் மாட்டக் காத்திருந்த இரண்டு ஆட்டோக்காரர்களும் சிரித்தார்கள். ஏசுவடியான் இந்தத் திரை வெயிலில் தெரியுமா, வாரண்டி உண்டா, வேறு கம்பெனி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். டிஜோ எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பிறகு, இன்று நாள் சரியில்லை, இன்னும் ஒரு கடையில் விசாரித்துவிட்டு வரலாம் என்றார். நாள் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை என்பது பெனிஷுக்குத் தெரியும். அவன் அவர் தோளில் கை வைத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான்.

டிஜோ டேஷ்போர்டின் இடுக்கில் தட்டையான பிளாஸ்டிக் நெம்பியை விட்டுத் தூக்கினான். சுற்றுச் சட்டத்தின் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விட்டன. ஏசி காற்று வரும் பகுதியைக் கழற்றி, ஒரு துண்டை விரித்து சீட்டில் வைத்தான். ஸ்க்ரூக்களைக் காந்தத் தட்டில் போட்டான். செட்டின் இரு ஓரத்தையும் பிடித்து இழுத்தான். வரவில்லை. கொஞ்சம் ஆட்டி இழுத்தான். உலர்ந்த ஏதோ ஒன்று முறிகிற சத்தத்தோடு செட் வெளியே வந்தது. கூடவே பொடி மண் கொட்டி கியர் லீவரின் மேல் படிந்தது.

டிஜோ பேச்சை நிறுத்தினான். செல்போன் வெளிச்சத்தை அந்தப் பொந்துக்குள் அடித்தான். செட்டைத் தாங்கியிருந்த இரும்புப் பட்டையின் மேல் ஆற்று மண் விரல் கனத்துக்குப் படிந்து, காய்ந்து, குளத்தின் அடிமண் போல வெடித்துக் கிடந்தது. கப்ளரின் முனைகளில் பச்சை பூத்திருந்தது. மண்ணுக்குள் நகத்தின் அளவில் ஒரு நத்தை ஓடு இருந்தது. டிஜோ அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"அண்ணே, இது வெள்ளத்துல கெடந்த வண்டியாக்கும். பிரளயம் கழிஞ்ச பெறவு கேரளாவுல இருந்து இப்பிடி கொஞ்சம் வண்டி வந்துது."

ஆட்டோக்காரர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், ஐயோ பாவம் என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. ஏசுவடியான் நாற்காலியை விட்டு எழவில்லை. இப்போது பெனிஷ் திரும்பித் தன் முகத்தைப் பார்ப்பான், அதோடு எல்லாம் தெரிந்துவிடும் என்று காத்திருந்தார். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

பெனிஷ் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"மாமா, டாக்டர் வண்டின்னு சொல்லி உங்கள நல்லா ஏமாத்திட்டான் அந்த மார்த்தாண்டத்துக்காரன்."

பெனிஷ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தை முழுக்கப் போட்டு வாங்கிக் கொடுத்தீர்களே, உங்களைப் பார்த்து இந்த வேலையைச் செய்ய அவனுக்கு எப்படி மனசு வந்தது என்றான். போனது போகட்டும், விடு மக்கா, என்று ஏசுவடியான் முணுமுணுத்தார். அதுதான் அவனை இன்னும் கிளப்பிவிட்டது. இப்படி ஒன்றும் பேசாமல் விட்டுவிடுகிற ஆட்களைத் தேடிப் பிடித்துத்தான் இவன்கள் ஏமாற்றுகிறார்கள் என்று ஆட்டோக்காரர்களிடம் சொன்னான். மண்ணையும் பச்சை பூத்த கம்பியையும் போட்டோ எடுத்தான். புதிய செட்டை அங்கேயே வைக்கச் சொல்லிவிட்டு, டேஷ்போர்டு திறந்தபடியே வண்டியை மார்த்தாண்டத்துக்கு விட்டான்.

நடுவில் அந்தப் பொந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. வயர்கள் தொங்கி, பிரேக் போடும்போதெல்லாம் ஆடின. ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் மண் உதிர்ந்தது. ஏசுவடியான் அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வாடையை என்ன செய்ய முடியும்? மழை விட்ட ஓடையின் வாடை.

பெனிஷ் சஜிதாவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னான். அவள் போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அப்பா, நீங்க இத நெனச்சு வெசனப்படாண்டாம். வண்டி போனா போட்டு. பிரஷர் மாத்திரை போட்டியளா?"

போட்டேன் என்றார். போடவில்லை. காலையிலிருந்து அது நினைவிலேயே இல்லை. மாத்திரை விஷயத்திலும் பொய் சொல்கிறோமே என்று அந்தச் சின்னப் பொய் தனியாக வந்து குத்தியது.

சாமியார்மடம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சாமியார்மடத்தில் ஒரு பஸ் குறுக்கே நின்று ஆள் ஏற்றியது. பெனிஷ் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான். இந்தச் சத்தத்தில் எப்படிச் சொல்வது? காட்டாத்துறை தாண்டட்டும் என்று பொறுத்தார். காட்டாத்துறையும் தாண்டியது. ஒரே ஒரு வாக்கியம்தான். 'எனக்குத் தெரியும் மக்கா.' அதை நாக்கின் நுனி வரை கொண்டுவந்து விழுங்கினார். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது, ராஜகுமார் கடையில் இருக்கக் கூடாது என்று ஜெபித்தார். ஜெபம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அவருக்கே அது அருவருப்பாக இருந்தது.

ராஜகுமார் இருந்தார். ஒரு கணவனுக்கும் மனைவிக்கும் சிவப்புக் கார் ஒன்றின் கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். ஏசுவடியானைக் கண்டதும், வாங்க சாரே, பிள்ளைக்கு வண்டி பிடிச்சிருக்கா என்று சிரித்த முகத்தோடு வந்தார். பெனிஷ் இறங்கியதுமே சத்தம் போட ஆரம்பித்தான். வயதான மனிதரை ஏமாற்றி வெள்ளத்தில் கிடந்த வண்டியைத் தலையில் கட்டியிருக்கிறாய், போலீசுக்குப் போவேன் என்றான். போனை நீட்டிப் போட்டோவைக் காட்டினான். சிவப்புக் காரைப் பார்க்க வந்த பெண் தன் கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் வெளியே நடந்தார்கள்.

ராஜகுமார் அவர்கள் போவதைப் பார்த்தார். பிறகு ஏசுவடியானைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. இதை நீங்கள்தானே சொல்லித் தீர்க்க வேண்டும் என்பது போல ஒரு பார்வை.

"சாரே, மருமகன்கிட்ட நீங்க சொல்லப்பிடாதா?"

"நீரு எனக்கிட்ட ஒண்ணும் சொல்லலியே" என்றார் ஏசுவடியான்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது அவருக்கே கேட்டது. சபைக் கமிட்டியில் கணக்குக் கேட்கிற அதே நிதானமான குரல். நடுக்கம்கூட இல்லை.

ராஜகுமாரின் முகம் மாறியது. "டார்ச்சடிச்சுக் காட்டினேன் சாரே. இந்த எடத்துல வச்சுத்தான் காட்டினேன். நீங்க என்ன சொன்னிய? கம்பெனி செட்ட எவன் எளக்கிப் பாக்கப் போறான்னு கேக்கலியா? நான்தான் பின்னயும் சொன்னேன், கல்யாணத்துக்குக் குடுக்க வண்டி, ஒருக்கா யோசிச்சுக்கிடுங்கன்னு. நமக்க பிள்ளைக்கில்லா குடுக்கோம், வேற ஆளுக்கா விக்கோம்னு சொன்னது நீங்களாக்கும்."

ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அன்று அதைச் சொன்னபோது நியாயமாகத்தான் இருந்தது. வெளி ஆளை ஏமாற்றினால்தானே பாவம், சொந்த மகளுக்குக் கொடுப்பதில் என்ன ஏமாற்று என்று அவர் உண்மையிலேயே நம்பியிருந்தார். இப்போது வேறொருவர் வாயிலிருந்து வந்தபோது அதைக் கேட்க முடியவில்லை.

பெனிஷ் மாமனாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. நேராகப் போய் ராஜகுமாரின் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"பொய் சொல்லுதீரா? எனக்க மாமாவப் பத்தி ஊருல கேட்டுப் பாரும் ஓய். அவரு அப்பிடிச் சொல்ல மாட்டாரு."

உள்ளே வண்டி கழுவிக்கொண்டிருந்த ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் பைப் இருந்தது. தண்ணீர் பீய்ச்சியபடியே வந்து தரையை நனைத்தது. ராஜகுமார் காலரை விடுவித்துக்கொள்ளவில்லை. கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏசுவடியானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விடு மக்கா" என்றார் ஏசுவடியான். "நான் சொன்னதுதான். அவரு எல்லாத்தையும் சொன்னாரு."

பெனிஷின் கை காலரிலேயே இருந்தது. அவன் அதை எடுக்க மறந்துவிட்டான். பிறகு எடுத்தான். ராஜகுமாரின் சட்டை கசங்கியிருந்ததைப் பார்த்து, அதை இரு கையாலும் நீவிவிட்டான். அண்ணே, மன்னிக்கணும், என்றான். உங்கள் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டேன் என்றான். ராஜகுமார், பரவாயில்லை என்றார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றான் பெனிஷ். ஏசுவடியானிடம் யாரும் டீ வேண்டுமா என்று கேட்கவில்லை.

பெனிஷ் காரின் முன்கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுங்க மாமா."

குரலில் ஏச்சு இல்லை. வழக்கமான மரியாதை அப்படியே இருந்தது. அவன் ஏசியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம், சகலையைப் பற்றியும் மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் வேண்டாம் என்றதைப் பற்றியும் பேசியிருக்கலாம். அதற்கெல்லாம் இடமில்லாமல் போயிற்று. ஏசுவடியான் ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் போட முயன்றார். கொளுவி மாட்டுகிற இடம் அகப்படவில்லை. பெனிஷ் குனிந்து மாட்டிவிட்டான்.

திரும்பி வரும் வழியில் சஜிதா இரண்டு முறை கூப்பிட்டாள். போன் அந்தப் பொந்துக்குக் கீழே கிடந்து அதிர்ந்தது. பெனிஷ் எடுக்கவில்லை. வண்டியை நேராக அழகியமண்டபத்துக்கு விட்டு, டிஜோவிடம், பேசி முடித்தாயிற்று, புதிய செட்டை மாட்டிவிடு என்றான். ஆட்டோக்காரர்கள் போயிருந்தார்கள். என்ன ஆச்சு அண்ணே, பணத்தைத் திருப்பித் தருகிறானா என்று டிஜோ ஆவலோடு கேட்டான். அவர் மேல் தப்பில்லை என்று மட்டும் பெனிஷ் சொன்னான். அப்படியென்றால் யார் மேல் தப்பு என்று டிஜோ கேட்க வாயெடுத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு காருக்குள் புகுந்தான். அதன் பிறகு அவன் ஒரு தமாஷும் சொல்லவில்லை.

இரும்புப் பட்டையில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி, காற்றடிக்கும் மெஷினால் ஊதி, ஒரு பழைய பேப்பரில் வாரிக் கொட்டினான். பச்சை பூத்த முனைகளை ஸ்ப்ரே அடித்துத் துடைத்தான். செய்யச் செய்ய ஏசுவடியான் பார்த்துக்கொண்டிருந்தார். தான் எழுந்து போய் அந்தப் பேப்பரையாவது எடுத்து வெளியே கொட்ட வேண்டும் என்று தோன்றியது. எழ முடியவில்லை. புதிய செட் பொருந்தியது. திரை நீல நிறத்தில் ஒளிர்ந்து, பின்னால் ரோட்டில் போகிற வண்டிகளைக் காட்டியது. எந்தப் பாட்டைப் போடட்டும் என்று டிஜோ கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றான் பெனிஷ். பழைய செட்டைப் பையில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றான்.

ஏசுவடியானின் வீட்டு வாசலில் கார் நின்றது. ராகேல் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, பாட்டுப் பெட்டி மாட்டியாச்சா, உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். பெனிஷ் கையசைத்து, கடையில் ஆள் இல்லை அத்தை, இன்னொரு நாள் என்றான். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டான்.

"மாமா, சஜிதாட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லவா?"

ஏசுவடியான் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் சொல்வதுதான் முறை என்பது தெரிந்தது. அவளுடைய குரல் எப்படி மாறும் என்பதும் தெரிந்தது.

"நீயே சொல்லு மக்கா" என்றார்.

பெனிஷ் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

அன்று மாலையே அவன் சொன்னான். ராகேலுக்கு அது மகள் வழியாகத் தெரிந்தது. அக்டோபரில் காரை அஞ்சுகிராமத்து வாழை வியாபாரி ஒருவருக்கு, வெள்ளத்தில் கிடந்ததைச் சொல்லி விற்றார்கள். கிடைத்த பணத்தைப் பெனிஷ் சஜிதாவின் பெயரில் வங்கியில் போட்டான்.